சிறுவர் நூல் வெளியீடு: வெள்ளவத்தையில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவது?

கதைப்பெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கான படக்கதைப் புத்தகம் ஒன்று அச்சுக்குப் போக இருக்கிறது. 32 பக்கம், முழுக்கக் கலர், நடுவில் பின் அடித்த கட்டு, 500 பிரதி. எழுத்து என்னுடையது, படம் வரைந்தவர் வேறொருவர். வெளியீட்டை வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ஞாயிறு பின்னேரம் வைக்க யோசனை. பிள்ளைகள் அறுபது பேரளவிலும் பெரியவர்கள் தொண்ணூறு பேரளவிலும் வரலாம்.

நம் ஆட்களின் வெளியீட்டு நிரல் எப்படிப் போகும் என்று தெரியும்தானே. மங்கல விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலைந்து, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை. இரண்டரை மணித்தியாலம் போய்விடும். பெரியவர்களே பாதியில் எழும்பி வெளியே போய் நிற்கிற நிகழ்ச்சியில் ஆறு வயதுப் பிள்ளையை எப்படி இருத்துவது? அதற்காக முதற்பிரதி, சிறப்புப் பிரதி இரண்டையும் விட்டுவிடவும் முடியாது. அவற்றை மேடையில் பெறுகிறவர்கள் உறையில் தரும் காசு இல்லாவிட்டால் அச்சுக்கூலி கையைக் கடிக்கும், வீட்டுப் பெரியவர்களும் முகம் சுளிப்பார்கள்.

இன்னொன்று, வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் சர்வதேசப் பாடசாலைகளில் படிக்கிறவர்கள். தமிழ் விளங்கும், கதைப்பார்கள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்களும் தங்கள் புத்தகம் என்று எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நேரம், மண்டபம், வாசிப்பு, கைவேலை, விற்பனை மேசை, சாப்பாடு எல்லாவற்றிலும் அனுபவம் உள்ளவர்கள் விபரமாகச் சொல்லுங்கள். பொதுவான ஆலோசனையை விட "இதை இத்தனை வாங்கு, இதைச் செய்யாதே" என்கிற மாதிரிச் சொன்னால் பெரிய உதவி.

---

மேடைநிரல்:

முதலில் நேரத்தைத் தீர்மானியுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். ஞாயிறு இராகு காலம் பின்னேரம் 4.30 முதல் 6 மணி வரை. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அழைப்பிதழில் 4.30 என்று கண்டவுடன் யாராவது ஒரு பெரியப்பா போன் எடுப்பார். ஆகவே அழைப்பிதழில் 3.15 போடுங்கள், முதற்பிரதியை 4.25க்குள் கையளித்துவிடுங்கள். ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை, சனிக்கிழமை முழுக்க ரியூசன். ஞாயிறு பின்னேரம் என்கிற உங்கள் தெரிவு சரி.

நாளைப் பொறுத்தவரை, ஒக்ரோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேர இடிமழை வழக்கம். மழை சரியாக 3 மணிக்குத் தொடங்கினால் பாதிப்பேர் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். ஆடிவேல் தேர் வரும் நாட்களில் காலி வீதிப் பக்கம் எதையும் வைக்காதீர்கள். செப்டெம்பர் என்றால் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்துப் புத்தகக் கண்காட்சி நடக்கும் வார இறுதிகளைத் தவிருங்கள், புத்தகம் வாங்குகிற அதே குடும்பங்கள்தான் அங்கேயும் போகும். வருடத்தில் நல்ல நாள் எது என்று கேட்டால் விஜயதசமியை ஒட்டிய வார இறுதி என்பேன். ஏடு தொடக்குகிற காலம், சிறுவர் புத்தகம் வாங்கிக் கொடுக்க யாருக்கும் காரணம் தேவையில்லை. மழையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மண்டபம்: 57வது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, சங்கரப்பிள்ளை மண்டபம், விநோதன் மண்டபம் இரண்டிலும் நூல் வெளியீடுகள் நடக்கும். இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம் ஆகியவையும் உண்டு. எதை எடுத்தாலும் பதியும் முன் நேரில் போய், நிகழ்ச்சி நடக்கப்போகிற அதே 4 மணிக்கு நின்று பாருங்கள். வெள்ளவத்தையில் கடல் மேற்குப் பக்கம். பின்னேர வெயில் மேற்கு யன்னலால் நேரே உள்ளே விழும், திரைச்சீலை இல்லாவிட்டால் புரொஜெக்டரில் படம் வெளிறிப்போய் ஒன்றும் தெரியாது.

மண்டபக்காரரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் (குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்னதாக வேண்டும்), வாடகை நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது, கதிரைகளைக் கழற்றி ஒதுக்கலாமா, சுவரில் செலோரேப் ஒட்ட விடுவார்களா, கம்பியில்லா மைக் எத்தனை, மின்சாரம் போனால் ஜெனரேற்றர் தானாக வருமா, குத்துவிளக்கு அவர்களுடையதா. கழிப்பறை மண்டபத்துக்கு வெளியே என்றால் அந்த வழியில் ஒரு ஆள் நிற்க வேண்டும். வாகனம் ஒழுங்கைக்குள் நிறுத்த இடம் தேடி அலைய வைக்காமல், மரைன் டிரைவ் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வரும்படி அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்.

நிரல் இப்படி இருந்தால் ஓடும். 3.15க்குக் கதவு திறந்தவுடன் பதிவு மேசை, கையில் ஒரு நிறந்தீட்டும் தாள். பிந்தி வருகிறவர்களுக்காக முந்தி வந்த பிள்ளை காத்துக்கிடக்கக் கூடாது, வந்த பிள்ளைக்கு உடனே வேலை வேண்டும். 3.35க்கு விளக்கு, தமிழ் வாழ்த்து, இரண்டு நிமிட வரவேற்பு. 3.45க்குக் கதை. 4.00க்கு ஓவியர் மேடையில் பெரிய தாளில் கதையின் பாத்திரம் ஒன்றை வரைந்து காட்டுவார், பத்து நிமிடம். (அழைப்பிதழில், பதாகையில் ஓவியரின் பெயர் உங்கள் பெயருக்குச் சமமான எழுத்தில் இருக்கட்டும். படக்கதையில் பாதி வேலை அவருடையது. நம் ஆட்கள் இதை ஏனோ எப்போதும் சின்ன எழுத்தில்தான் போடுகிறார்கள்.) 4.10 முதல் 4.25க்குள் முதற்பிரதி. அதன்பின் பிள்ளைகள் மண்டபத்தின் பின்பக்கம் அல்லது பக்கத்து அறையில் கைவேலைக்குப் போகட்டும், பெரியவர்களுக்கு முன்னால் நயப்புரை எட்டு நிமிடம், சிறப்புப் பிரதி, ஏற்புரை ஐந்து நிமிடம், நன்றியுரை. 5 மணிக்குச் சிற்றுண்டியும் கையெழுத்தும்.

வாழ்த்துரைகளை முற்றாக எடுத்துவிடுங்கள். அந்தப் பெரியவர்களுக்கு மரியாதை வேறு வழியில் கொடுக்கலாம். முதற்பிரதியைப் புரவலர் பெற்று, அதே இடத்தில் நிற்கும் ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கட்டும். படத்துக்கும் அழகு, அவருக்கும் நிறைவு. சிறப்புப் பிரதிக்குப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டங்களோடு வாசித்து நாற்பது பேரை மேடைக்கு அழைத்தால் அரை மணித்தியாலம் சரி. பதினைந்து பேரோடு நிறுத்தி, ஐந்து ஐந்து பேராக அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும்.

---

பாலர்_ரீச்சர்:

மேலே சொன்ன நிரல் நல்லது, ஆனால் விளக்கேற்றும்போது பிள்ளைகள் பாயில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டு மீற்றர் இடைவெளி வேண்டும். கைவேலையில் கடதாசித் தலைப்பட்டி செய்யப் போகிறீர்கள் என்றால் விளக்கு அணைந்த பிறகுதான் அது தலையில் ஏறலாம். திரி நுனியில் கொஞ்சம் கற்பூரம் வைத்து, மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு ஏற்றினால் ஒரு நிமிட வேலை. விசிறி ஓடிக்கொண்டிருக்க ஆளுக்கு ஆள் நெருப்புக்குச்சி தட்டிக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள்தான் முதலில் பார்த்துச் சிரிப்பார்கள்.

வாசிப்புக்கு வருவோம். ஏ4 அளவுப் புத்தகத்தைக் கையில் பிடித்து வாசித்தால் இரண்டு, இரண்டரை மீற்றருக்கு அப்பால் இருக்கிற பிள்ளைக்குப் படம் விளங்காது. இருபது பிள்ளைகளுக்கு அது போதும், அறுபதுக்குப் போதாது. மூன்று வட்டமாகப் பிரித்து மூன்று பேர் ஒரே மண்டபத்தில் வாசித்தால் ஒருவர் குரல் மற்றவர் குரலில் விழும். ஆகவே ஒரே வாசிப்பு, படம் திரையில். ஓவியரிடம் எழுத்து இல்லாத படங்களை மட்டும் ஒவ்வொரு விரிப்பாக (எதிரெதிரான இரண்டு பக்கம் சேர்த்து) வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தோடு போட்டால் வாசிக்கத் தெரிந்த பிள்ளை உங்களை முந்திச் சத்தமாக வாசிக்கும், எழுத்துக்கூட்டுகிற பிள்ளை முதல் வரியிலேயே நின்றுவிடும். இரண்டு பேரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள். உங்களுடைய சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம், கேட்டால் அவர்களுக்கு எல்லாம் விளங்கும்.

முன்னால் பாய் விரித்து அரைவட்டமாக நான்கு வரிசை. சின்னவர்கள் முன்னுக்கு, எட்டு வயதுக்காரர் பின்னுக்குக் கதிரையில். நாலு வயதுக்குக் குறைந்த தம்பி தங்கச்சிமாரைத் தாய்மார் மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் இருக்கட்டும், அழுதால் எழும்பிப் போக வழி இருக்கும். பெரியவர்களின் கதிரை பிள்ளைகளைச் சுற்றி இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பின்னால் நீண்ட வரிசையாகப் போட்டால் பின்னால் கதை தொடங்கிவிடும். அந்த இரைச்சலை எந்த மைக்கும் வெல்லாது.

வாசிக்கிறவருக்குக் காதில் மாட்டும் மைக் அல்லது சட்டையில் குத்தும் மைக் எடுங்கள். கையில் மைக் பிடித்தால் ஒரு கைதான் மிஞ்சும், நடிக்கவும் முடியாது, பக்கம் திருப்பவும் முடியாது. புது பற்றரி போடுங்கள், ஒரு சோடி மேலதிகமாகப் பையில் வையுங்கள். படத்தை மாற்ற வேறொரு ஆள் லப்டொப்பில் இருக்க வேண்டும், அவர் கையில் அடையாளமிட்ட பிரதி ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு படமும் மாறியவுடன் மூன்று நான்கு வினாடி ஒன்றும் பேசாதீர்கள். பிள்ளை முதலில் படத்தைப் பார்த்து முடிக்கும், பிறகுதான் காது திறக்கும். அந்த இடைவெளியை விடாமல் வாசித்துக்கொண்டு போகிறவர்களால்தான் பிள்ளைகள் நெளியத் தொடங்குகிறார்கள். எழுநூறு சொல் வரையிலான கதை இப்படி வாசித்தால் பத்து நிமிடம் வரும். அதற்கு மேல் போனால் சில பக்கங்களைச் சுருக்கிச் சொல்லுங்கள், புத்தகத்தில் முழுக்க இருக்கிறதுதானே.

கதையில் திரும்பத் திரும்ப வரும் வரி ஏதாவது இருந்தால் தொடங்கும் முன் இரண்டு தரம் சொல்லிப் பழக்குங்கள். நீங்கள் கையைத் தூக்கும்போது அவர்கள் சேர்ந்து சொல்வார்கள். தமிழ் வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கு அந்த ஒரு வரி மனப்பாடமாகிவிடும். வீட்டில் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் கண்டுபிடித்துத் தானாக "வாசிக்கும்", அங்கேதான் புத்தகம் அதனுடையதாகிறது. அப்படி வரி இல்லாவிட்டால் ஒரு சத்தம் போதும், வாத்தின் சத்தமோ ஓட்டோவின் சத்தமோ. கதை முடிந்தவுடன் "பிள்ளைகளே, இதிலிருந்து என்ன படிப்பினை?" என்று கேட்கவே கேட்காதீர்கள். வகுப்பறை வாடை வந்துவிடும்.

பிள்ளைகளை மேடையில் வாசிக்க வைக்க விருப்பம் என்றால் மூன்று பேர், ஆளுக்கு ஒரு பக்கம், இரண்டு கிழமைக்கு முன்பே பக்கத்தைக் கொடுங்கள். அந்த இடத்திலேயே கூப்பிட்டு மைக்கைக் கொடுப்பது அநியாயம்.

கைவேலைக்கு முகமூடி வேண்டாம். கண் ஓட்டை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு இடத்தில் வரும், இலாஸ்ரிக் கட்டும் இடம் கிழியும். தலைப்பட்டி போதும். பிரிஸ்டல் போட்டை நீளப் பக்கமாக 4 செ.மீ. அகலக் கீலங்களாக வெட்டுங்கள், ஒரு போட்டில் பத்துக்கு மேல் வரும். அறுபது பிள்ளைக்கு ஏழு போட் வாங்கினால் கிழிகிறதுக்கும் தம்பி தங்கச்சிக்கும் சேர்த்துக் காணும். இந்த வயதில் தலைச்சுற்றளவு 50 முதல் 54 செ.மீ. வரை, ஆகவே கீலம் குறைந்தது 60 செ.மீ. நீளம் வேண்டும். பாத்திரத்தின் காது, கொம்பு, செட்டை எதுவோ அதை முன்கூட்டியே வெட்டி உறையில் போட்டு வைத்துவிடுங்கள், மண்டபத்தில் கத்தரிக்கோலே இருக்கக் கூடாது. பிள்ளை செய்வது நிறந்தீட்டி ஒட்டுவது மட்டும். ஸ்ரப்ளர் அடித்தால் பின்னின் மடிந்த முனை வெளிப்பக்கம் வரவேண்டும், அதன்மேல் செலோரேப். உள்பக்கம் வந்தால் நெற்றியில் கீறும். ஒட்டுவதற்குக் குச்சிப் பசை, போத்தல் கம் வேண்டாம்.

நிறத்துக்குக் கிரேயோன் அல்லது தீட்டிய கலர் பென்சில் மட்டும். 12 நிறப் பெட்டி நாலு பிள்ளைக்கு ஒன்று என்றால் பதினைந்து பெட்டி, இன்னும் இரண்டு சேர்த்து வாங்குங்கள். ஃபெல்ட் முனைப் பேனா பட்டுப்பாவாடையில் பட்டால் தாய்மாரின் முகத்தைப் பார்க்க முடியாது, மண்டபத் தரையிலும் போகாது. நிறந்தீட்டும் தாள் 75 அடியுங்கள், புத்தகத்துக் கோட்டோவியத்தைச் சாதாரணப் போட்டோக்கொப்பித் தாளிலே எடுக்கலாம். ஆர்ட் பேப்பரில் எடுத்தால் பென்சில் பிடிக்காது.

உதவிக்குப் பத்துப் பிள்ளைக்கு ஒரு ஆள். இதைவிட வாசலில் ஒருவர் கட்டாயம். ஒழுங்கைக்கு நேரே திறக்கிற கதவென்றால் இரண்டு பேர். பெயர் ஸ்ரிக்கரின் பின்பக்கத்தில் பெற்றோரின் போன் இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள், முன்பக்கத்தில் வேண்டாம்.

---

ஓஃப்செற்_காரன்:

விழாவைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் புத்தகம் விழாவுக்கு முழுசாக வந்து சேருவதைப் பற்றிச் சொல்கிறேன். வெளியீட்டன்று காலை அச்சகத்திலிருந்து சூடாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முழுக்கலர் ஆர்ட் பேப்பரில் மை சரியாகக் காயாமல் அடுக்கினால் ஒரு பக்கத்துப் படம் எதிர்ப்பக்கத்தில் ஒற்றிக்கொள்ளும். பிரதிகள் வீட்டுக்கு வரும் திகதியை விழாவுக்குப் பத்து நாள் முன்னதாக எழுதி வாங்குங்கள்.

அச்சுக்குப் போகமுன் இரண்டு விடயம். ஒன்று, புத்தகத்துக்கான சர்வதேச இலக்கம். சுதந்திர சதுக்கப் பக்கத்துத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைதான் ஐஎஸ்பிஎன் தருகிறது. இலங்கைக்குரிய தொடக்கம் 978-955, 978-624. பின்னட்டை அச்சாகமுன் எடுத்தால்தான் பட்டைக்குறி அதில் போகும். பிறகு ஸ்ரிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பது அசிங்கம், கடைக்காரருக்கும் பிடிக்காது.

மற்றது எழுத்து. கதையைப் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் தட்டி, பின் யூனிகோட்டுக்கு மாற்றியிருந்தால் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு "கொ", "பெ", "ணை"யையும் பாருங்கள். யூனிகோட் எழுத்தைப் பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் போட்டால் உலக மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தெரிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கணினியில் சரியாகத் தெரிந்தது பிடிஎஃப்பில் பிசகலாம். ஆகவே பிழை திருத்தம் எப்போதும் கடைசிப் பிடிஎஃப்பை அச்செடுத்த தாளில். புதிதாக வாசிக்கப் பழகுகிற பிள்ளைக்கான புத்தகத்தில் ஒரு கொம்பு பிசகினால் அது சின்னப் பிழை இல்லை.

பின் கட்டு என்றால் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், 32 சரி. உள்ளே 130 ஜிஎஸ்எம் (தாளின் தடிப்பைக் காட்டும் எடை அளவு) மினுக்கமில்லாத ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல். நம் கொழும்பு ஈரப்பதனில் ஒரு பக்கம் மட்டும் லமினேற் செய்த மெல்லிய அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். உள்பக்கக் கடதாசி ஈரத்தை உறிஞ்சி விரியும், வெளிப்பக்கப் பிளாஸ்ரிக் விரியாது, அதுதான் காரணம். தாளின் இழை முதுகுக்குச் சமாந்தரமாக ஓடும்படி வெட்டச் சொல்லுங்கள், குறுக்கே ஓடினால் சுருளோடு முதுகில் வெடிப்பும் வரும். கட்டுகளைப் பிரிக்காமல் உறையோடு தட்டையாக அடுக்கி, மேலே பாரம் வையுங்கள். மேசையில் நிமிர்த்தி வைக்கிற காட்சிப் பிரதிகளை விழாவன்று மட்டும் எடுங்கள்.

கட்டு வந்தவுடன் இருபதுக்கு ஒன்று எடுத்து முழுக்கப் புரட்டுங்கள். பக்க ஒழுங்கு, தலைகீழ்ப் பக்கம், நிறம் விலகல், ஓரத்தில் வெட்டுப்பட்ட எழுத்து. பின்னை விரலால் தடவிப் பாருங்கள். முனை முழுக்க மடிந்து தட்டையாக இருக்க வேண்டும், தூக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்புங்கள். பெரியவர் புத்தகத்தில் அது குறை, பிள்ளைகள் புத்தகத்தில் விரலில் இரத்தம்.

கையெழுத்துக்கு: ஆர்ட் பேப்பரில் ஜெல் பேனா காயாது, மூடினால் எதிர்ப்பக்கம் நீலம். சாதாரணப் போல்பொயின்ற் அல்லது மெல்லிய முனை மார்க்கர் பாவியுங்கள், எழுதியபின் கொஞ்ச நேரம் திறந்தபடி விடுங்கள்.

---

கதைப்பெட்டி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எழுத்து இல்லாத படங்களை ஓவியரிடம் கேட்டுவிட்டேன். தலைப்பட்டிக்குப் பாத்திரம் கொக்கு, செட்டையை விட அலகு நன்றாக இருக்கும் போல. இனிக் காசு விடயம். உறையில் அன்பளிப்பு வைக்கிறவர்கள், விலை கொடுத்து வாங்குகிற பெற்றோர், மேடையில் சிறப்புப் பிரதி எடுக்கிறவர்கள் என்று மூன்று வழியில் வரும். ஒரே மேசையில் இதைக் குழம்பாமல் எப்படிப் பார்ப்பது? எத்தனை பிரதி மண்டபத்துக்குக் கொண்டு போவது?

---

கல்லாப்பெட்டி:

முதலில் விலை. அச்சுச் செலவை 500ஆல் பிரிக்காதீர்கள், 400ஆல் பிரியுங்கள். ஓவியர், உரையாற்றுகிறவர்கள், பத்திரிகைகள், நூலகங்கள், சட்டப்படி ஒப்படைக்க வேண்டியவை, பழுதானவை என்று நூறு பிரதி எப்படியும் காசில்லாமல் போகும். அப்படி வருகிற ஒரு பிரதிச் செலவை இரண்டரையால் பெருக்கி, நூறு ரூபாய்க்கோ ஐம்பது ரூபாய்க்கோ முழுமையாக்கி விலை போடுங்கள். புத்தகக் கடைக்குக் கொடுக்கும்போது 35 வீதம் கழிவு போகும் என்று வைத்துக்கொண்டாலும் அச்சுக்காசுக்கு மேல் ஏதாவது மிஞ்சும். செலவு விலைக்கே போட்டு "பிள்ளைகளுக்குத்தானே" என்றால் அடுத்த புத்தகம் வராது. விழாவன்று மட்டும் கழிவு கொடுக்க விரும்பினால் 10 வீதத்துக்கு மேல் போக வேண்டாம், பிறகு முழு விலை கொடுக்கிற கடை வாடிக்கையாளருக்கு அது துரோகம்.

எத்தனை கொண்டு போவது? அறுபது பிள்ளை என்றால் நாற்பது குடும்பமளவில் இருக்கும். சகோதரங்களுக்குத் தனித்தனியாக வாங்குகிறவர்கள் சிலர், பிறந்தநாள் பரிசுக்கு இரண்டாவது எடுக்கிறவர்கள் சிலர். எழுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைக்காரரும் சிறப்புப் பிரதியும் சேர்த்து ஐம்பது, அறுபது. 160 பிரதியோடு போங்கள். காட்சிக்கு மூன்று பிரதியில் "பார்வைக்கு" என்று ஒட்டிவிடுங்கள், அவை பிள்ளைகள் கையில் கசங்கத்தான் போகின்றன, கசங்கட்டும்.

மேசை ஒன்றில்லை, இரண்டு. விற்பனை மேசையில் விலைகொடுத்து வாங்குவது மட்டும். மற்றது உறை மேசை, வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில். உறை கொடுத்தவுடன் அதன் மூலையில் வரிசை இலக்கம், கொப்பியில் அதே இலக்கத்துக்கு எதிரே பெயர், ஊர், கையில் ஒரு நிறச் சீட்டு. சீட்டைக் காட்டினால் புத்தகம். இப்படிச் செய்யாவிட்டால் மேடையில் ஒன்றும் மேசையில் ஒன்றுமாக ஒருவருக்கு இரண்டு பிரதி போகும், வேறொருவர் உறையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். இரண்டாவதுதான் பெரிய மனக்கசப்பு. ஆறு மாதம் கழித்துக் கலியாண வீட்டில் வைத்து யாரோ ஒரு மாமி சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவரும். பெயர் எழுதாத உறைகள் வரும், இலக்கம் போட்டால் கொப்பியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அந்த இடத்தில் உறையைத் திறக்காதீர்கள். பூட்டுப் பெட்டிக்குள் போடுங்கள், இரவு இரண்டு பேர் இருந்து திறந்து, தொகையை அதே இலக்கத்துக்கு எதிரே எழுதுங்கள். அவர்கள் வீட்டில் ஏதாவது நடக்கும்போது அந்தக் கொப்பி தேவைப்படும்.

மேடையில் எடுக்கிற பதினைந்து பேருக்கும் புத்தகத்தை முன்பே தனிப் பையில் பெயரோடு வையுங்கள். அவர்களின் உறையை மேடையில் வாங்கியவர் சட்டைப்பையில் போடக் கூடாது, பக்கத்தில் ஒரு தட்டம் இருக்கட்டும்.

சில்லறை கட்டாயம். விலைக்கேற்ற மாதிரி நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களை வெள்ளிக்கிழமையே வங்கியில் மாற்றி வையுங்கள். போனால் ஸ்கான் செய்து காசு செலுத்துகிற லங்கா கியூஆர் அட்டை ஒன்றை அச்சடித்து மேசையில் நிறுத்துங்கள், ஆனால் வாங்குகிறவரின் திரையில் "வெற்றி" என்று தெரிவதை நம்பாமல் உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வந்ததும் புத்தகத்தைக் கொடுங்கள். மண்டபத்துக்குள் சிக்னல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கையெழுத்து வரிசையை விற்பனை மேசையிலேயே சுருக்கலாம். புத்தகம் வாங்கும்போது பெற்றோர் ஒரு துண்டுக் கடதாசியில் பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதி முதல் பக்கத்துக்குள் வைக்கட்டும். இப்போதைய பெயர்களுக்கு எழுத்தாளர் தானாக எழுத்துக்கூட்டினால் பாதி பிழைக்கும், அடித்து எழுதிய புத்தகத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். துண்டு இருந்தால் ஒரு பிள்ளைக்கு 30 வினாடி, எழுபது பேருக்கு 35 நிமிடம். ஓவியரும் பக்கத்தில் இருந்து ஒரு சின்னக் கொக்கு போடுவார் என்றால் இன்னும் கூடும், இலகுவான நாலு கோட்டுக் கொக்காக முன்பே பழகச் சொல்லுங்கள்.

---

பலகாரத்தட்டு:

சாப்பாடு சுருக்கமாக. கோயில், மிஷன் சார்ந்த மண்டபம் என்றால் சைவம் மட்டும். வெளி மண்டபம் என்றாலும் சைவமே வையுங்கள், முஸ்லிம் பிள்ளைகள் வந்தாலும் விரதக்காரர் வந்தாலும் கேள்வி இல்லை. கேக் வெட்ட ஆசை என்றால் முட்டை சேர்க்காததாக ஓடர் கொடுங்கள், சைவ மண்டபத்தில் இதை மறந்துவிட்டுக் கடைசி நேரம் கேக்கை வாசலில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் உண்டு. அறுபது பிள்ளைகள் கத்தியைச் சுற்றி மொய்க்கவும் விடக் கூடாது. மேடையில் அரைக்கிலோ கேக் ஒன்றை வெட்டிப் படம் எடுங்கள், பரிமாறுவது பின்னால் ஏற்கெனவே வெட்டி வைத்த தட்டையான கேக். 40 கிராம் துண்டென்றால் 2 கிலோவுக்கு ஐம்பது வரும், 150 பேருக்கு 6 கிலோ.

காரம் ஆளுக்கு இரண்டு போதும்: மரக்கறி பற்றிஸ் 160, உழுந்து வடை 150. பிள்ளைகளுக்குத் தனிப் பை, உறைப்பில்லாதது: சின்ன வாழைப்பழம், பட்டர் தடவிய சான்ட்விச், மைலோ பக்கற். 65 பை கட்டுங்கள். கச்சான், கஜு சேர்ந்த எதையும் வைக்காதீர்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளை யாரென்று அறுபது பேரில் தெரியாது. பதிவு மேசையில் ஒரு கேள்வியாகவும் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: சாப்பாடு புத்தகத்துக்குப் பிறகுதான். பற்றிஸ் எண்ணெய்க் கையோடு பார்வைப் பிரதியைத் தொட்டால் அது அடுத்த பிள்ளைக்கு உதவாது. விற்ற புத்தகங்களைப் பையில் போட்டுக் கொடுங்கள், சாப்பாட்டு மேசையைக் கையெழுத்து மேசைக்கு எதிர் மூலையில் வையுங்கள், நடுவில் ஈரத்துணியோடு ஒரு ஆள்.

---

மேடைநிரல்:

ஒரு திருத்தம். விளக்கையும் பாயையும் பற்றி ரீச்சர் சொன்னது சரி, விளக்கை மண்டப வாசலிலேயே ஏற்றிவிட்டால் பிரச்சினையே இல்லை. பிரதம விருந்தினரும் வந்தவுடன் ஏற்றிவிட்டு உள்ளே போவார்.

படம் எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. பதிவு மேசையில் "பிள்ளையின் படத்தை முகநூலில் போடலாமா" என்று கேட்டு, வேண்டாம் என்றவர்களின் பெயர் ஸ்ரிக்கர் வேறு நிறத்தில் இருக்கட்டும். படப்பிடிப்பாளருக்கு அந்த நிறத்தைக் காட்டிவிடுங்கள், கதை வாசிக்கும்போது பிளாஷ் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். திரைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் அவர் நிற்கவே கூடாது, பக்கவாட்டில் நின்று முகங்களை எடுக்கட்டும்.

பத்திரிகைக்கு: வீரகேசரி, தினக்குரல், தினகரன் மூன்றுக்கும் அழைப்பை இரண்டு கிழமைக்கு முன் அனுப்புங்கள். விழா முடிந்த மறுநாள் நூறு சொல்லில் செய்தி, ஒரே ஒரு நல்ல படம், படத்தில் இருக்கிறவர்களின் பெயர் இடமிருந்து வலமாக. மேடையில் வரிசையாக நின்று எடுத்த படத்தைவிட, அலகு மாட்டிய பிள்ளைகள் திரையைப் பார்க்கிற படத்தை அனுப்பினால் பெரிதாகப் போடுவார்கள்.